கருநாக்குத் தேவாங்கும் சந்தனம் பூசிய பாரமானியும்

ஒரு காட்டில் ஒரு தேவாங்கு இருந்தது. அதற்கு அரசாங்க வேலை.

தேவாங்கு பகலில் தூங்கி இரவில் விழிக்கும் பிராணி என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும். இந்தத் தேவாங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் அளவெடுத்து நோட்டில் எழுத வேண்டிய உத்தியோகம். ஆகவே கூசும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பகலெல்லாம் விழித்திருந்தது. பெயர் மரகதவல்லி. காட்டின் பெயர் நாவலாற்றங்காடு. வேலையின் பெயர் வானிலைப் பார்வையாளர்.

எந்தக் காலத்திலோ மனிதர்கள் கட்டி, பிறகு மறந்துவிட்டுப் போன ஒரு சின்னக் கல் கட்டடம்தான் ஆபீஸ். உள்ளே சுவரில் ஒரு பாதரசப் பாரமானி. நீளமான கண்ணாடிக் குழாய்; அதற்குள் வெள்ளிக் கம்பி மாதிரி பாதரசம் நிற்கும். காற்றின் அழுத்தம் குறைந்தால் பாதரசம் இறங்கும். சட்டென்று இறங்கினால் புயல் வருகிறது என்று அர்த்தம். வெளியே, மழையை அளக்க ஒரு செம்பு. மேஜைமேல் கணக்கு வாய்பாடுகள் நிறைந்த ஒரு லாக் புத்தகமும், பித்தளைப் பூண் போட்ட ஒரு ஸ்லைடு ரூலும். நடுப்பட்டையை முன்னும் பின்னும் இழுத்தால் பெருக்கல், வகுத்தல் எல்லாம் போடலாம். அலமாரி நிறையப் பழைய பதிவேடுகள். பாதி மரகதவல்லியின் அம்மா எழுதியவை. மீதி, அம்மாவுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் எழுதியவை.

மரகதவல்லி மெதுவாக நடக்கும், மெதுவாகப் பேசும், ஆனால் தப்பாகச் சொல்லாது. காட்டுக்கு அதன்மேல் இருந்த முதல் கோபமே அதுதான்.

ஒரு நாள் செண்பகம் என்ற முயல் வந்து கேட்டது. ஆற்றங்கரை மண்மேட்டில் வளை தோண்டி, ஏழு குட்டிகளோடு குடியிருந்த முயல்.

"மரகதம்மா, நாளைக்கு மழை வருமா? கிழங்கு காயப்போடணும்."

"பத்தில் ஏழு வாய்ப்பு இருக்கும்மா."

"அப்படின்னா?"

"இன்னைக்கு மாதிரி பத்து நாள் இருந்தா, அதுல ஏழு நாளுக்கு மறுநாள் மழை பெய்யும். மூணு நாளுக்குப் பெய்யாது."

"எனக்கு இருக்கிறது ஒரே ஒரு நாளைக்குத்தானேம்மா. பத்து நாளைக்கு நான் எங்கே போவேன்?" என்று சொல்லிவிட்டுச் செண்பகம் குழப்பத்தோடு போயிற்று. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "நல்ல அம்மாதான், ஆனா படிச்சுப் படிச்சு பாவம் இப்படி ஆயிட்டாங்க" என்றது.

இப்படியே போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. காட்டுப் பேரவைத் தலைவர் வீட்டில் கல்யாணம் வந்தது.

தலைவர் ஒரு கரடி. பெயர் பெரியகருப்பன். காட்டுக்கு ராஜாவாக ஒரு சிங்கமும் இருந்தது. ஆனால் அது கையெழுத்து மட்டும்தான் போடும். எங்கே போட வேண்டும் என்று கரடிதான் விரலை வைத்துக் காட்டும். அந்தப் பெரியகருப்பன் தன் மகள் கல்யாணத்துக்கு ஆற்று மணலில் பெரிய பந்தல் போட்டது. மரகதவல்லி கல்யாணத்துக்கு முந்தின நாள் மெல்ல மெல்ல நடந்து போய்ச் சொன்னது:

"தலைவர் ஐயா, தப்பா நினைக்கக் கூடாது. நாளைக்கு மத்தியானம் நல்ல மழை இருக்கு. பத்தில் ஒன்பது. பந்தலை மேட்டுக்கு மாத்திட்டா நல்லது."

கரடி சிரித்தது. மறுநாள் தாலி கட்டும் நேரத்துக்கு மழை கொட்டியது. பந்தல் சரிந்தது. மாப்பிள்ளைக் கரடி பாயசத்தில் விழுந்தது. சம்பந்தி வீட்டார் வாழையிலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் விசாரணைக் கமிஷன் கூடியது. கமிஷனில் இருந்தது கரடி மட்டும்தான். எதிரே மரகதவல்லி கைகட்டி நின்றது. காடே சுற்றி உட்கார்ந்திருந்தது.

"மழை வரும்னு நீ சொன்னியா?"

"சொன்னேங்க ஐயா."

"நீ சொல்றதுக்கு முன்னாடி மழை பெய்ததா?"

"இல்லீங்க."

"சொன்ன பிறகு?"

"பெய்ததுங்க."

கரடி காட்டைத் திரும்பிப் பார்த்தது. "இதுக்கு மேல சாட்சி வேணுமா? அவளே ஒத்துக்கிட்டா!"

"ஐயா, நான் சொன்னதால பெய்யலீங்க. பெய்யப்போறதால சொன்னேன். இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்க" என்று மரகதவல்லி ஸ்லைடு ரூலை எடுத்து நடுப்பட்டையை இழுத்தது.

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா! மறுபடியும் ஏதோ இழுக்கிறா!" என்று கூட்டத்தில் ஒரு காட்டுப்பன்றி கத்தியது. எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். "கருநாக்கு! கருநாக்கு!" என்று கூச்சல் எழுந்தது.

வேலை போயிற்று. பதிவேடுகளைத் தரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மரகதவல்லி அவற்றை முதுகில் கட்டிக்கொண்டு, ஆற்றுக்கு மேற்கே ஒரு புளியமரத்தில் குடியேறியது. ஐந்து நடை நடந்தது. தேவாங்கு நடையில் அது ஒன்பது நாள் ஆயிற்று. ஒருவரும் ஒரு கட்டைக்கூடத் தூக்கித் தரவில்லை. ஆனால் ஒவ்வொருவரும், "நாக்கைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம்" என்று அறிவுரை தந்தார்கள்.

காலியான வேலைக்கு விண்ணப்பம் கோரப்பட்டது. படிவத்தில் மூன்றே கேள்விகள். ஒன்று: இதற்கு முன் எதையாவது சரியாகச் சொன்னதுண்டா? ஆம் எனில், தகுதியில்லை. இரண்டு: ஏதாவது படித்திருந்தால், அதை மறந்துவிட்டதற்கான சான்றிதழ் இணைக்கவும். மூன்று: தோகை உண்டா?

மூன்றாவது கேள்வி ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சிகாமணி என்ற மயிலுக்கு வேலை கிடைத்தது. அது கரடியின் மகளுடைய கல்யாணத்தில் ஆடியிருந்தது.

சிகாமணி தினமும் காலையில் பேரவைத் திடலுக்கு வரும். தோகையை விரிக்கும். "நாளை நல்ல நாள்!" என்று சொல்லும். தோகையை மடக்கிக்கொண்டு போய்விடும். எல்லாரும் கை தட்டுவார்கள். மழை பெய்தால் நல்ல மழை நாள். வெயிலடித்தால் நல்ல வெயில் நாள். ஒரு தடவைகூட அது சொன்னது பொய்க்கவில்லை.

"விஞ்ஞானம்னா இப்படி நாலு பேருக்குப் புரியணும்" என்று செண்பகம்கூடச் சொன்னது.

சிகாமணிக்குத் தோகை விரிக்க இடம் பற்றவில்லை. ஆகவே பழைய ஆபீஸைக் காலி செய்யப் போனார்கள். அங்கேதான் பெரியகருப்பனுக்கு அது நடந்தது.

தூசி படிந்த மேஜையிலிருந்து ஸ்லைடு ரூலை எடுத்த கரடி, அதைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தது. பித்தளைப் பூணைத் தடவியது. முகர்ந்தது. அதன் கண் கலங்கிவிட்டது.

"அந்தக் காலத்துச் சாமான்யா இது!" என்றது கரகரத்த குரலில். "இந்தக் கனம் இப்ப வருமா? இந்த மரம் இப்ப கிடைக்குமா? அந்தக் காலத்துல எப்படி வாழ்ந்திருக்காங்க! இப்ப பாரு, எல்லாம் பிளாஸ்டிக்கு!"

"அதை வெச்சு என்ன செய்வாங்க தலைவரே?" என்று காட்டுப்பன்றி கேட்டது.

கரடி கொஞ்சம் யோசித்தது. பிறகு ஸ்லைடு ரூலைக் கழுத்துக்குப் பின்னால் விட்டு முதுகைச் சொறிந்தது. சரியாக அரித்த இடத்திலேயே பட்டது. "என்னா துல்லியம்!" என்று கண்ணை மூடிக்கொண்டது.

அன்றைக்கே தொன்மைக் கருவிகள் பாதுகாப்புப் பேரவை உதயமாயிற்று. காடு முழுக்க ஏக்கம் பரவியது. அதுவரை அந்தக் கட்டடத்தின் பக்கமே போகாதவர்கள், "சின்ன வயசுல இந்தப் பாரமானி முன்னாடிதான் நாங்க விளையாடுவோம்" என்று ஆரம்பித்தார்கள். ஓர் ஆமை, "எங்க வீட்டுல காலையில எழுந்ததும் லாக் புத்தகத்துலதான் முழிப்போம்" என்றது. லாக் புத்தகத்தை அது தலைகீழாகப் பிடித்திருந்தது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பாரமானியைத் திடலின் நடுவில் கொண்டுவந்து, மேடை கட்டி நிறுத்தினார்கள். குழாய்க்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். மழை அளக்கும் செம்பில் தீர்த்தம் கொடுத்தார்கள். கூட்டம் நெரிந்தது. ஆகவே வரிசை வந்தது. வரிசை வந்ததால் டோக்கன் வந்தது. டோக்கன் வந்ததால் படிவம் வந்தது.

மரகதவல்லிக்குச் சேதி தெரிந்தது. முதலில் அதற்குச் சந்தோஷம்தான். குழாய் உடையாமல் இருக்கிறதே என்று. ஆனால் நாலு நாளாகப் புளியமரத்தில் இருந்தபடியே அது எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு உச்சாணிக் கிளைக்குப் போய்க்கொண்டிருந்தன. காற்று ஒரேயடியாகச் செத்துக் கிடந்தது. பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தது. பாதரசத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

வரிசையில் நின்றது. மூன்று மணி நேரம் கழித்து மேஜை வந்தது. மேஜைக்குப் பின்னால் காட்டுப்பன்றி.

"வந்த நோக்கம்? ஏக்கமா, பெருமிதமா, கண்ணீரா? மூணுல ஒண்ணு டிக் அடிங்க."

மரகதவல்லி மூன்றையும் விட்டுவிட்டு, ஓரத்தில் 'அளவு பார்க்க' என்று எழுதியது.

காட்டுப்பன்றி படிவத்தைத் திருப்பித் தள்ளியது. "அளவெல்லாம் பார்க்கக் கூடாதும்மா. தரிசனம் மட்டும்தான்."

"அது அளவு பார்க்கிறதுக்குச் செஞ்ச சாமான்தானேப்பா?"

"அது அந்தக் காலம். இப்ப அதோட மதிப்பு உங்களுக்குத் தெரியாது. அடுத்த ஆள் வாங்க!"

மரகதவல்லி மறுபடி வரிசையின் கடைசிக்குப் போயிற்று. இரண்டாம் தடவை மேஜைக்கு வந்தபோது, 'ஏக்கம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தது. உள்ளே விட்டார்கள்.

குழாய் முழுக்கச் சந்தனம். மரகதவல்லி யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு விரலால் கொஞ்சம் வழித்துவிட்டுக் கண்ணை ஒட்டிப் பார்த்தது. வெள்ளிக் கம்பியின் தலை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஒரு விரற்கடைக்கு மேல் இறங்கியிருந்தது. அதன் அம்மாவின் வாழ்நாளில் இவ்வளவு இறங்கியது ஒரே ஒரு தடவைதான்.

பெரிய கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. பயத்தில் வந்த கண்ணீர்.

"பாருங்க, பாருங்க! பழைய ஊழியர் அழுவுறாங்க!" என்று யாரோ கத்த, நாலா பக்கமும் செல்போன்கள் எழுந்தன. கரடியே ஓடிவந்து தேவாங்கின் தோளில் கை போட்டு நின்று படமெடுத்துக்கொண்டது. "அழுங்கம்மா, அழுங்க. நல்லா மனசு விட்டு அழுங்க. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி."

"ஐயா, பாதரசம் இறங்குதுங்க! நாளைக்கு மறுநாள் பெரிய புயல் வரும். ஆறு கரையை உடைக்கும்!"

செல்போன்கள் தாழ்ந்தன. கரடி கையை எடுத்துக்கொண்டது.

"இறங்குதா?"

"ஆமாங்க."

"இறங்கினா கெட்டதா?"

"ஆமாங்க."

"அவ்வளவுதானே! ஏத்திடுங்கய்யா!" என்றது கரடி.

பாரமானியின் அடியில் நாலு செங்கல் வைத்து மேடையை உயர்த்தினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். மயில் சிகாமணி எட்டிப் பார்த்து, "இன்னும் இறங்கித்தான் இருக்கு தலைவரே" என்றது. வேலையில் சேர்ந்த பிறகு அது சொன்ன ஒரே உண்மை அதுதான்.

கரடி தாடையைச் சொறிந்தது. அதற்கு ஒரு யோசனை உதித்தது. "தலைகீழா நிறுத்துங்க. இறங்கறது ஏறறதாயிடும்."

"வேண்டாங்க ஐயா! கொட்டிடும்! அது விஷம்!" என்று மரகதவல்லி மேடையை நோக்கி ஓடியது. தேவாங்கு எவ்வளவு வேகமாக ஓடும்? அது இரண்டாம் படியில் கால் வைப்பதற்குள் பாரமானியைக் கவிழ்த்துவிட்டார்கள். பாதரசம் முழுவதும் கொட்டி, வெள்ளி முத்துகளாக மேடையில் உருண்டு, கல்லிடுக்கில் போய் மறைந்தது.

"இப்ப எவ்வளவு இறங்கியிருக்கு?" என்று கரடி கேட்டது.

மயில் குழாயை நன்றாகப் பார்த்தது. "ஒண்ணுமே இறங்கலீங்க. குழாய் சுத்தமா இருக்கு."

"புயல் ஒழிஞ்சுது!" என்று காடு ஆர்ப்பரித்தது. மரகதவல்லியை இரண்டு காட்டுப்பன்றிகள் திடலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டன. கையில் தீர்த்தம் மட்டும் கொடுத்தனுப்பினார்கள்.

மரகதவல்லி வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஆற்றங்கரைக்குப் போயிற்று. செண்பகம் வளை வாசலில் உட்கார்ந்து குட்டிகளின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"செண்பகம், குட்டிகளைக் கூட்டிக்கிட்டு இன்னைக்கே மொட்டைப்பாறைக்குப் போயிடு. ஆறு வரப்போகுது."

செண்பகம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "வேண்டாம்மா. வாயைத் திறக்காதீங்க. எனக்கு ஏழு பிள்ளைங்க இருக்கு. நீங்க சொல்லி, அது நடந்து, ஏன்மா வம்பு?"

"நான் சொன்னாலும் சொல்லாட்டியும் வரும்மா."

"அப்ப சொல்லாமலே இருங்களேன்!"

மரகதவல்லி கால் ஓய்ந்து மணலில் உட்கார்ந்துவிட்டது. வாதாடத் தெம்பில்லை. கடைசிக் குட்டி வந்து அதன் மடியில் ஏறிக்கொண்டது. அதன் முதுகைத் தடவியபடி, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல மரகதவல்லி சொன்னது:

"எங்க அம்மா காலத்துல ஒரு தடவை இப்படித்தான் பாதரசம் இறங்கிச்சு. இதே ஐப்பசி. ரெண்டு நாள் காத்தே இல்ல. மூணாம் நாள் விடியக்காலையில ஆறு கரையை உடைச்சுது. இந்த மேட்டுல நாப்பது வளை இருந்துதாம். அம்மா ஒவ்வொண்ணா எண்ணி எழுதி வெச்சிருக்காங்க. மொட்டைப்பாறைக்குப் போனவங்கதான் பிழைச்சாங்க."

நிமிர்ந்து பார்த்தது. செண்பகம் அருகில் வந்து உட்கார்ந்திருந்தது. கண்ணில் நீர் நின்றது.

"அந்தக் காலத்துலயா?" என்றது செண்பகம் மெல்லிய குரலில். "எல்லாரும் சேர்ந்தா பாறைக்குப் போனாங்க?"

"சேர்ந்துதான் போனாங்க."

"அந்த ஒத்துமை இப்ப எங்கம்மா இருக்கு? இப்ப அவங்கவங்க வளை, அவங்கவங்க வேலை. இன்னும் சொல்லுங்கம்மா."

மரகதவல்லி மடியிலிருந்த குட்டியை மெதுவாக இறக்கிவிட்டது. இருபது வருஷம் அளவெடுத்த தேவாங்கு அது. எந்தக் கருவியில் முள் அசைந்தாலும் கவனித்துவிடும். இப்போது அசைந்ததையும் கவனித்தது.

மறுநாள் காலை அது பேரவைத் திடலுக்குப் போயிற்று. முதுகில் ஒரே ஒரு பழைய பதிவேடு. செல்லரித்தது, ஓரமெல்லாம் பழுப்பேறியது. காட்டுப்பன்றி தடுக்கப் பார்த்தது. பதிவேட்டைக் கண்டதும், "அந்தக் காலத்துதா?" என்று கேட்டு வழி விட்டது.

மேடையில் ஏறிய மரகதவல்லி, காலி பாரமானிக்கு ஒரு கும்பிடு போட்டது. பதிவேட்டைத் திறந்தது.

"அந்தக் காலத்தில்" என்று ஆரம்பித்தது.

"ஆ…" என்று திடல் முழுவதும் பெருமூச்சு விட்டது.

"அந்தக் காலத்தில், ஐப்பசி மாதத்தில், பாரமானியில் ஒரு சேதி வந்த மறுநாள், நம் முன்னோர்கள் எல்லாரும் குட்டிகுஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு மொட்டைப்பாறைக்குப் போனார்கள். யானை முன்னால் போயிற்று. நடக்க முடியாதவர்களைக் காட்டெருமை சுமந்தது. யாரும் யாரையும் முந்தவில்லை. பொழுது சாய்வதற்குள் எல்லாரும் மேலே இருந்தார்கள்."

"முந்தலியாம்! கேட்டியா?" என்று ஆமை பக்கத்தில் இருந்த ஓணானை இடித்தது.

இதுவரை சொன்னதெல்லாம் பதிவேட்டில் இருந்தது. ஆனால் கரடியின் முகம் இன்னும் முழுசாகக் கனியவில்லை என்று மரகதவல்லிக்குத் தெரிந்தது. அது ஒரு நிமிஷம் தயங்கியது. நோட்டில் இல்லாத ஒன்றை அது ஆயுளில் சொன்னதில்லை. பிறகு சொன்னது:

"மேலே போய், கிழங்கு சுட்டு, தேன் ஊற்றித் தின்றார்கள்."

கரடி தேம்பி அழுதது. "அந்தச் சுட்ட கிழங்கோட வாசனை இப்பவும் என் மூக்குல நிக்குது!" என்று மார்பில் அடித்துக்கொண்டது. "என்ன ஜனங்கள்யா அவங்க! நாமளும் இருக்கோமே! கிளம்புங்கய்யா எல்லாரும்!"

அன்று மத்தியானமே காடு கிளம்பியது. யானை முன்னால் போயிற்று. காட்டெருமையின் முதுகில் ஆமையும், கிழட்டு நரியும், செண்பகத்தின் ஏழு குட்டிகளும். யாரும் யாரையும் முந்தவில்லை, முந்தப் பார்த்த ஒரு குரங்கை, "அந்தக் காலத்துல இப்படியா செஞ்சாங்க?" என்று நாலு பேர் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். கரடி இரண்டு கையிலும் தேன்கூடு.

மயில் சிகாமணி மட்டும் வரவில்லை. "நாளைக்கும் நல்ல நாள்தானே? அறிவிக்கிறதுக்கு ஆள் வேண்டாமா?" என்று திடலிலேயே இருந்துவிட்டது.

மறுநாள் விடியும்போது காற்று வந்தது. மரங்கள் தலைவிரித்து ஆடின. ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்து, மண்மேட்டைக் கரைத்தது, திடலை விழுங்கியது, கல் கட்டடத்தைக் கூரை வரைக்கும் மூடியது. செண்பகத்தின் வளை இருந்த இடத்தில் ஒரு பனைமரம் மிதந்து போயிற்று. செண்பகம் மொட்டைப்பாறையின் விளிம்பில் நின்று அதைப் பார்த்தது. பிறகு குட்டிகளை எண்ணியது. ஏழு. மறுபடி எண்ணியது. ஏழு. பிறகும் எண்ணிக்கொண்டே இருந்தது.

பின்னால் கரடி கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தது. "அந்தக் காலம் மாதிரியே இருக்கு!" என்று சந்தோஷமாகக் கத்தியது.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. சிகாமணியை ஒரு நாவல்மரக் கிளையிலிருந்து இறக்கினார்கள். உயிர் இருந்தது, தோகை இல்லை. "நேற்று எப்படி இருந்தது?" என்று கேட்டதற்கு, "ரொம்ப நல்ல நாள்" என்று சொல்லிவிட்டு மயங்கி விழுந்தது.

காடு பிழைத்ததற்குக் காரணம் பாரமானி என்று தீர்மானம் நிறைவேறியது. மரகதவல்லிக்குப் பழைய வேலை கிடைக்கவில்லை. வானிலைத் துறையையே மூடிவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஏக்கத் துறை என்று ஒன்று தொடங்கி, மரகதவல்லியை அதற்கு இயக்குநராகப் போட்டார்கள். நாற்காலி, குடை, குடை பிடிக்க ஒரு குரங்கு.

ஆனால் அளவெடுக்க ஒரு கருவியும் இல்லை. காட்டுக்குச் சுற்றுலா வந்த மனிதர்கள் ஒரு டிஜிட்டல் பாரமானியை விட்டுப் போயிருந்தார்கள். உள்ளங்கை அளவுதான், காற்றழுத்தத்தை எண்ணாகவே காட்டும். அதை ஆபீஸில் வைத்துக்கொள்ள மரகதவல்லி அனுமதி கேட்டு எழுதியது. "நவீனக் குப்பை" என்று கரடி திருப்பி அனுப்பியது. மரகதவல்லி அதைச் சேற்றில் புதைத்து, ஒரு வாரம் கழித்துத் தோண்டி எடுத்து, பித்தளைச் சம்புடத்தில் போட்டு மறுபடி அனுப்பியது. கரடி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அந்தக் காலத்துல எவ்வளவு சின்னதா செஞ்சிருக்காங்க! எண்ணெல்லாம் தானா ஓடுதே! இந்த மூளை இப்ப யாருக்கு வரும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுமதித்தது.

அதிலிருந்து வாரம் ஒரு முறை மரகதவல்லி திடலில் பேசும். "அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட வியாழக்கிழமைகளில் மூன்று மணிக்கு மேல் மழை பெய்தது, துணியை முன்பே எடுத்து வைத்தார்கள்" என்று சொல்லும். காடு பெருமூச்சு விட்டபடியே போய்த் துணியை எடுத்து வைக்கும். "அந்தக் காலத்தில் மாசிக்குப் பிறகு ஆறு வறண்டது, தையிலேயே குட்டை வெட்டினார்கள்" என்று சொல்லும். கரடி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அழுதபடியே முதல் ஆளாகப் போகும். காட்டில் அதற்குப் பிறகு ஒருவரும் வெள்ளத்தில் சாகவில்லை, தாகத்தில் சாகவில்லை. ஒருவரும் எதையும் கற்றுக்கொள்ளவும் இல்லை. சில மாதம் கழித்து, "அந்த வெள்ளம் மாதிரி ஒரு வெள்ளம் இப்ப வருமா?" என்று அந்த வெள்ளத்துக்கே ஏங்க ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் செண்பகம் ஏக்கத் துறை ஆபீஸுக்கு வந்தது. ஆற்றை விட்டுத் தள்ளி உயரத்தில் புது வளை தோண்டி முடித்திருந்தது. குடை பிடிக்கும் குரங்கு வெளியே போகும் வரை காத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டது.

"மரகதம்மா, உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே? அது கதை இல்லைதானே?"

மரகதவல்லி சம்புடத்தை மூடியது. வாசலைப் பார்த்தது. செண்பகம் அதற்கு மேல் கேட்கவில்லை.

"நாளைக்குப் புது வீட்டுக்குச் சாப்பிட வரீங்களாம்மா? பிள்ளைங்க கேட்டாங்க" என்றது செண்பகம் எழுந்து.

'வருவேன்' என்று சொல்லத்தான் மரகதவல்லி வாயைத் திறந்தது. சொல் வரவில்லை. எவ்வளவோ நாளாகப் புழங்காத வார்த்தை, எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. பெரிய கண்களை உருட்டி உருட்டித் தேடிப் பார்த்தது.

"வந்தேன்" என்றது கடைசியில்.

செண்பகத்துக்குப் புரிந்தது. மறுநாள் ஓர் இலை கூடுதலாகப் போட்டு வைத்தது.

நீதி: அறிவியல் படிக்கிறவர்கள் முதலில் இலக்கணம் படித்துக்கொள்ளவும். எதிர்காலத்தில் பேசினால் வேலை போகும். அதையே இறந்தகாலத்தில் பேசினால் குடை பிடிக்க ஆள் தருவார்கள்.